இருண்ட கப்பலுக்கு ஒரு ரிலீவர்

ஷிப்ட் பஸ்ஸைப் பார்த்து மணி சொல்லத் தெரிந்த நெய்வேலிக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் கொடியில் வெள்ளைச் சட்டையாகக் காயப்போட்டதை, நிலக்கரித் தூசி படிந்த பழுப்புச் சட்டையாக எடுத்து, ஒரு உதறு உதறி, அலட்டிக்கொள்ளாமல் மடித்து வைத்தவர்கள் நீங்கள். உங்களிடம் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து வந்த என் மகன், அரிசிச் சிப்பம் கனத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வடலூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

"அம்மா, நீ ஓயாம சொல்லுவியே கப்பல் ஆட்டம், அதோட புது எடிஷன்."

கப்பல் ஆட்டம் என்பது நாங்கள் வைத்த பெயர். பெட்டியின் மேல் இருந்த ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. மேஜையில் ஒரு வான வரைபடத்தை விரித்து, ஆளுக்கொரு விண்கப்பலை வைத்துக்கொண்டு, பகடை உருட்டிச் சண்டை போடுகிற ஆட்டம் அது. பல்லாங்குழியும் பரமபதமும் தெரிந்த வீட்டில் அது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புதுப் பெட்டியைத் திறந்ததும் அசந்துபோனேன். பஞ்சு மெத்தையில் பிளாஸ்டிக் கப்பல்கள், நகைக்கடையில் தோடு வைப்பதுபோல் பதிந்து கிடந்தன. திருகினால் எண் மாறும் வட்டுகள். வழவழப்பான சீட்டுக் கட்டுகள். எங்கள் காலத்துப் பெட்டியில் இருந்தவை விரல் நகத்தளவு அட்டைத் துண்டுகள். மின்விசிறியைப் போட்டால் இரண்டு போர்க்கப்பலும் பீரோவுக்கு அடியில் போய்விடும். அதற்காகவே மே மாத வெயிலில் விசிறி இல்லாமல் வேர்த்து ஊற்ற ஆடியிருக்கிறோம். புதியதன் விதிப் புத்தகமோ கல்யாணப் பத்திரிகை தடிமன்தான், பக்கத்துக்குப் பக்கம் படம். பழையது முழுக்கப் பொடி எழுத்து. அண்ணன் பள்ளிக்கூட டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டுதான் படிப்பான். முக்கால் மணி நேரத்தில் ஆட்டம் முடியும் என்று புதுப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. எங்கள் ஆட்டம் காலை இட்லிக்குப் பிறகு ஆரம்பித்தால், அம்மா கரண்டியோடு வந்து நிற்கும்வரை போகும்.

இதெல்லாம் புதியதற்கு நல்ல மார்க்குதான். ஆனால் ஒன்று மனதுக்கு ஒப்பவில்லை. பழைய ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கப்பலின் மின்சாரத்தைப் பங்கு போட வேண்டும். வேகத்துக்கு இவ்வளவு, கேடயத்துக்கு இவ்வளவு, பீரங்கிக்கு இவ்வளவு, மிச்சமிருந்தால் பேட்டரிக்கு. கட்டம் போட்ட சீட்டில் பென்சிலால் எழுதியபின் அந்தச் சுற்று முடியும்வரை மாற்ற முடியாது. புதியதில் அந்தச் சீட்டே இல்லை. சுட வேண்டுமா, சுடு. ஓட வேண்டுமா, ஓடு. மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது என்று நினைக்கிறவர்கள் எழுதிய விதி. நெய்வேலியில் பிறந்த ஒரு பிள்ளை இதை எழுதியிருக்காது.

"அம்மா, இன்னொண்ணும் இருக்கு" என்றான் மகன், கைபேசியைத் துழாவிக்கொண்டே. "பழைய எடிஷன் ரூல் புக்கை யாரோ முழுசா ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தாங்க. கடைசித் தாளோட."

கடைசித் தாளோட என்பதை அவன் சொன்ன தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் நான் வாழ்க்கையில் நாலு பேர் பார்க்க ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இவனுக்குச் சோறு ஊட்டினேன். அந்த வெற்றி நின்றதே அந்தக் கடைசித் தாள் இல்லாமல் போனதன் மேல்தான்.

"வெச்சிரு. அப்புறமா பாக்கறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பழைய பெட்டி எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தது ஒரு முழுப் பரீட்சை விடுமுறையின் தொடக்கத்தில். அனல் மின் நிலையத்தில் எந்திரம் பூட்ட வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். போகும்போது தன்னோடு வேலை செய்தவர்களுக்கு வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒருவருக்கு இஸ்திரிப் பெட்டி, ஒருவருக்குப் பொத்தான் வைத்த டேபிள் ஃபேன். கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு, வீட்டில் பிள்ளைகள் உண்டு என்பதால், இந்த அட்டைப்பெட்டி.

"அவங்களுக்கு இஸ்திரிப் பெட்டி, நமக்கு அட்டைப்பெட்டியா? வாயைத் திறந்து கேட்டா என்னவாம்?" என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். சட்டையை அதுவரை செம்பில் கங்கு போட்டுத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆற்றாமையில் நியாயம் உண்டு.

பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். அந்த இன்ஜினியர் வீட்டுச் சுருட்டுப் புகையும் காப்பியும் சேர்ந்த வாசனை. சீக்கிரமே அதன் மேல் நம் ஊர்ப் புழுதி வாசனை ஏறிக்கொண்டது. வரைபடம் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் நிலக்கரிக் கட்டி வைப்போம். அது பழுப்பு நிறத்தில் நிரந்தரமான தடம் போட்டுவிட்டது. ஏவுகணைத் துண்டுகள் குறைந்தபோது முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பள்ளிக்கு வரும் என் தோழி பாவாடை மடிப்பில் முந்திரிக் கொட்டை கொண்டுவந்தாள். அவள் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் இருந்தார், வீட்டுக்குப் பின்னால் முந்திரிக் காடு. "இத்த வாயில வெச்சிராதீங்க, பொத்துப்பூடும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அண்ணன் ஒரு ஏவுகணையைக் கடித்துப் பார்த்துவிட்டு, உதடு வீங்கி மூன்று நாள் கஞ்சி குடித்தான்.

அண்ணன்தான் எப்போதும் கேப்டன். எனக்குக் கிடைத்த வேலை பவர் ஹவுஸ். அதாவது அந்த மின்சாரச் சீட்டை எழுதுவது. "பொம்பளப் புள்ளைக்கு அது போதும்" என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அந்தச் சீட்டோடு நான் ஒட்டிக்கொண்டேன். மின்சார லோடு ஏறினால் என்ன ஆகும், எதற்குப் போகும் கரன்ட்டை முதலில் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சாம்பாரோடு சேர்த்துப் பேசுகிற பேச்சு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டத்தைப் பேட்டரிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை அண்ணனுக்குக் கொடுப்பேன். கஞ்சப் பிசினாறி என்பான். கேப்டன் நாற்காலிமேல் எனக்கு இருந்த ஆசை அவனுக்குத் தெரியாது.

இப்போது கடைசித் தாள் கதைக்கு வருகிறேன். விதிப் புத்தகத்தில் கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். மின்சாரம் முழுவதும் போய் இருண்டுவிட்ட கப்பலை என்ன செய்வது என்று ஆரம்பித்த வாக்கியம் பாதியிலேயே நின்றது. மிச்சத்தை நாங்களே எழுதிக்கொண்டோம். யோசிக்கவே தேவைப்படவில்லை. கரன்ட் போனால் என்ன செய்வார்கள்? அடுத்த ஷிப்டுக்காரர், அதாவது ரிலீவர், வருவார். ஷிப்ட் முடிந்தவர், என்னென்ன கெட்டுப்போயிருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்லி, பொறுப்பை ஒப்படைப்பார். அதற்குச் சார்ஜ் கொடுப்பது என்று பெயர். வந்தவர் "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்று சொன்ன பிறகே முன்னவர் எழுந்திருக்கலாம். பிறகு பேட்டரியில் இருப்பதைக் கொண்டு மறுபடி ஓட்டலாம். ரிலீவர் எப்போது வருவார்? ஷிப்ட் பஸ் போகும்போது. எங்கள் தெருமுனையில் மத்தியான ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஒன்று, வேலை முடிந்தவர்களை இறக்க வரும் பஸ் ஒன்று. அவைதான் எங்கள் விண்வெளிக்கும் கடிகாரம். உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளும், குண்டு பாய்கிற நேரத்தில் கேப்டன் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுப்பார் என்று நம்பியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு அது மிகச் சாதாரணமான விஷயமாகத் தோன்றியது.

விடுமுறை பாதி கழிந்தபோது பேச்சு ஒன்று வந்தது. ஆபீசர்கள் குடியிருக்கும் பங்களாத் தெருவில், அண்ணன் வயதில் ஒரு பையன் இருந்தான். வெளிநாட்டு இன்ஜினியர் மகனோடு விளையாடியவன் அவன்தான். பெட்டி அவனுக்கு வர வேண்டியது, தவறிப்போய் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அவன் அம்மா மார்க்கெட்டில் எங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அப்பா எங்கள் அப்பாவுக்கு மேலதிகாரி.

அம்மா இதைச் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துருங்க. ஒரு அட்டைப்பெட்டிக்காக நான் அவர் மூஞ்சியில முழிக்க முடியாம ஆகக் கூடாது."

"அப்பா, நமக்குத்தானே குடுத்தாரு?" என்றான் அண்ணன்.

"குடுத்துருன்னா குடுத்துரு."

மறுநாள் அப்பா காலை ஷிப்டுக்குப் போனபின், அண்ணனும் நானும் தோழியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். அழுதுகொண்டே போனேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். பங்களாப் பையன் கேட் அருகே நின்றான். பெட்டியை நீட்டினால் வாங்கவில்லை.

"சும்மா குடுத்தா எனக்கு வேணாம். ஆடுவோம். ஜெயிச்சவங்க வெச்சுக்கலாம்."

அண்ணன் எங்கள் ரிலீவர் விதியைச் சொன்னான். கடைசித் தாள் இல்லை, அதனால் இப்படி வைத்திருக்கிறோம், சம்மதமா என்றான். பையன் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தான். "சம்மதம்" என்றான்.

எங்கள் தெருமுனைப் பூங்காவின் சிமென்ட் மேஜையில் ஆட்டம். எங்கள் பக்கம் அண்ணன் கேப்டன், நான் பவர் ஹவுஸ். தோழி பகடை உருட்டுகிறவள், ரோட்டைப் பார்க்கிறவளும் அவளே. அந்தப் பக்கம் அவன் மட்டும். தூரத்தில் சுரங்க எந்திரம் மண்ணை அரைக்கிற சத்தம் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் நன்றாக ஆடினான், பொய் சொல்ல மாட்டேன். அண்ணனுக்குப் பதற்றம். கேடயத்தை எடு, பீரங்கிக்குப் போடு என்று என்னைப் பார்த்துக் கத்தினான். பேட்டரிக் கட்டம் ஒன்றைத் தவிர எல்லாம் கொடுத்தேன். இரண்டு அடி விழுந்தது. எங்கள் கப்பலின் பவர் ஹவுஸ் அடிபட்டுப் போனது. கப்பல் இருண்டது.

இனி பஸ் வந்தால்தான் ரிலீவர். பஸ்ஸைக் காணோம்.

"வருதா?" என்றான் அண்ணன்.

"ஒண்ணியும் காணுமே. மாடுதான் நின்னுகினு இருக்குது" என்றாள் தோழி.

பையன் எங்கள் கப்பலின் பின்பக்கத்துக்குச் சுற்றி வந்து முடித்துவிடலாம் என்று முழு வேகம் எழுதினான். கேடயம் முழுவதும் முன்பக்கத்துக்கு. இருண்ட கப்பல் என்ன செய்துவிடப்போகிறது? கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு வந்தான். எங்களைத் தாண்டுகிற நேரத்தில் தோழி கத்தினாள்.

"வந்துகினுகீது! பஸ்ஸு வந்துகினுகீது!"

டிபன் பாக்ஸ் பைகள் ஜன்னலில் தொங்க, பஸ் எங்களைக் கடந்து போனது. அண்ணன் சார்ஜ் கொடுக்க என் பக்கம் திரும்பினான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "முன் கேடயம் போச்சு. எஞ்சின் போச்சு. பீரங்கி ஒண்ணு மட்டும் இருக்கு. அதுக்குக் கரன்ட் இல்ல. எல்லாம் நான்தான் காலி பண்ணேன். பேட்டரியில நீ வெச்சது ஒண்ணு இருக்கு."

"சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றேன். அவன் எழுந்தான். நான் உட்கார்ந்தேன். சிமென்ட் பெஞ்சு அடுப்புபோல் சுட்டது, எழுந்திருக்க மனம் வரவில்லை.

பையன் எழுதிய வேகத்தை அவனால் நிறுத்த முடியாது. எங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டினான். கேடயமில்லாத முதுகு தெரிந்தது. பேட்டரியைப் பீரங்கிக்குக் கொடுத்தேன். தோழி பகடையை உள்ளங்கையில் ஊதி உருட்டினாள். அவன் பவர் ஹவுஸ் போனது. அவன் கப்பலும் இருண்டது.

அடுத்து, வேலை முடிந்தவர்களைக் கொண்டுவரும் பஸ். அது வந்தது. அண்ணன் கேட்டான், "உன் ரிலீவர் எங்கே?"

பையன் திரும்பி, தன் பக்கத்தில் காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்தான். பிறகு பகடையை மேஜையில் வைத்தான். "யாரும் இல்ல. நான் தோத்துட்டேன்."

அந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "பெட்டியைக் குடுத்தாச்சா?"

"இல்ல அங்கிள். இவங்க ஜெயிச்சுட்டாங்க. பெட்டி இவங்களோடது" என்றான் பையன்.

அப்பாவுக்கு முகம் வெளிறியது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் வேலைக்குப் போகும்போதெல்லாம் எதற்கோ தயாராகிறவர்போல் போனார். பல வருடம் கழித்து அப்பாவின் ஓய்வு விழாவுக்கு அந்த அதிகாரி வந்தார். பேச்சோடு பேச்சாக அம்மா பெட்டி விஷயத்தைச் சொல்ல, "என்ன பெட்டி?" என்று கேட்டார். அவருக்கு எதுவுமே தெரியாது. ஒரு அம்மாள் கத்தரிக்காய் பொறுக்கும்போது சொன்ன வார்த்தைக்கு, ஒரு மனிதர் இல்லாத கோபத்தைக் கற்பனை செய்துகொண்டு இத்தனை நாள் பயந்திருக்கிறார். அன்று சிரித்தோம். இப்போது நினைத்தால் அப்பாவை நினைத்து மனசு கனக்கிறது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூருக்கு வந்தபோது பெட்டி எங்கோ தவறிவிட்டது. லாரியில் ஏறியதைப் பார்த்ததாக அண்ணன் சொல்வான், இறங்கியதைப் பார்த்தவர் இல்லை. இருக்கும் ஒரே மிச்சம், என் தையல் டப்பாவில் கிடக்கும் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று. நான் ஓட்டிய கப்பல்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் மகன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். மின்சாரம் முழுவதும் இழந்த கப்பல் அழிந்ததாகக் கருதப்படும், உடனே வரைபடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"அப்படின்னா பஸ் வர்றதுக்கு முன்னாடியே நீங்க காலி, அம்மா. பெட்டி அவருக்குத்தான் போயிருக்கணும்" என்று சிரித்தான். "சண்டை நடக்கறப்ப யாராவது ஷிப்ட் மாறுவாங்களா?"

பங்களாப் பையனுக்குப் போன் போட்டேன். தலை முழுக்க வழுக்கையாகி, மனைவியும் போய், சென்னையில் தனியாக இருக்கிறான். எனக்கு இன்னும் பங்களாப் பையன்தான். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்வதோடு சரி.

கடைசித் தாளில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். "அந்தப் பெட்டி உன்னோடதுப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "எனக்கு அது அப்பவே தெரியும். அந்த வெளிநாட்டுப் பையனோட எத்தனை ஆட்டம் ஆடியிருக்கேன். கரன்ட் போன என் கப்பலை எத்தனை தடவை எடுத்துத் தூரப் போட்டிருக்கான். தாளைக் கிழிச்சதே அந்தக் கோவத்துல நான்தான்."

"பின்ன ஏன் வாயைத் திறக்கல?"

"உங்க ரூல் நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுல நான் ஒத்தப் பிள்ளை. லைட்டு போனா ஒருத்தர் வருவாங்கன்னு உங்க அண்ணன் சொன்னான் பாரு, அது எனக்குப் பிடிச்சிருந்துது."

"ஆனா உனக்கு யாரும் வரலையே."

"வரல. ரூல்னா ரூல்."

போனை வைத்தபின் மகனைப் பார்த்தேன். புத்தகத்தில் இருந்த விதியைத் தெரிந்தவனே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு எங்கள் விதிக்கு வந்திருக்கிறான். எனக்கு அடக்க முடியாத பெருமையாக இருந்தது. பழைய எடிஷன் இருண்ட கப்பலைத் தூக்கி எறிகிறது. புது எடிஷனுக்குக் கப்பல் இருளும் என்பதே தெரியாது. நடுவில் ஒரு எடிஷன் நெய்வேலியில் வந்தது. அச்சாகவில்லை, அவ்வளவுதான். அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

போன சனிக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னேன். அண்ணன் வந்து, புது ஆட்டத்துக்குப் பழைய மாதிரிக் கட்டம் போட்டு மின்சாரச் சீட்டு தயார் செய்தான். முத்தாண்டிக்குப்பத்துத் தோழி ஒரு பை முந்திரிக் கொட்டையோடு வந்தாள். "இந்த பிளாஸ்டிக்கெல்லாம் எடுத்து அந்தாண்ட வையி" என்றாள். ஷிப்ட் பஸ் எங்கள் தெருவில் வராது, அதனால் குள்ளஞ்சாவடியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸின் ஹாரனை வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். பங்களாப் பையன் மதியம் வந்து, அன்று போலவே எதிர்ப்பக்கம் தனியாக உட்கார்ந்தான். இம்முறை நான் கேப்டன். அண்ணன் பவர் ஹவுஸ். அவனுக்கு அது தேவைதான்.

பங்களாப் பையன் இன்னும் நன்றாகத்தான் ஆடுகிறான். என்றாலும் நாலாவது சுற்றில் அவன் கப்பல் இருண்டது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டில் ஹாரன் கேட்டது.

அவன் பழக்க தோஷத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். பகடையை மேஜையில் வைக்கக் கையைக் கொண்டுபோனான்.

"அண்ணா, என் கப்பலைப் பார்த்துக்கோ" என்று எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

"அம்மா, நீ ஜெயிச்சுக்கிட்டு இருக்க" என்றான் மகன்.

"சும்மா இருடா." பங்களாப் பையன் பக்கம் திரும்பினேன். "சொல்லு. என்னென்ன போச்சு?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒன்று விடாமல் சொன்னான். இரண்டு கேடயம் போச்சு, எஞ்சின் பாதி போச்சு, பீரங்கி இருக்கு.

"பேட்டரி?"

"ஒண்ணு வெச்சிருக்கேன். உன்கிட்ட கத்துக்கிட்டது."

"சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றேன். "இப்ப நீ எழுந்திருக்கலாம்."